வள்ளல் பச்சையப்ப முதலியாரும் அவர் வரைந்த உயிலும்

திருக்கோயிலுக்குக் கோபுரம் எடுப்பதும் குடமுழுக்கு நடத்துவதும் பேரறங்கள். அவற்றினும் அரியதோர் அறம் உண்டு. எடுத்த கோயிலில் நாள்தோறும் விளக்கெரியவும், வேளைதோறும் திருவமுது படைக்கவும், அடியார் பசியாறவும், கொடுத்தவர் மறைந்த பின்னும் தடையின்றி நடக்குமாறு வழிவகை செய்து வைப்பதே அது. முன்னையது ஒருவர் கையால் ஒரு காலத்தில் முடிந்துவிடுவது. பின்னையதோ பல தலைமுறையாரின் கைகளை நம்பி நிற்பது. கொடுக்கும் மனம் எத்துணைத் தூயதாயினும், கொடுத்ததைக் காக்கும் ஏற்பாடு செம்மையாக இல்லையேல் அறம் நடுவழியில் நின்றுவிடும். இவ்வுண்மையைத் தம் வாழ்வாலும், வாழ்வினும் மேலாகத் தம் மறைவுக்குப் பின் நிகழ்ந்தவற்றாலும் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியவர் வள்ளல் பச்சையப்ப முதலியார்.

இளமை

பச்சையப்பரின் முன்னோர் காஞ்சிபுரத்தைச் சார்ந்தவர்கள். தந்தையார் விசுவநாத முதலியார், தாயார் பூச்சியம்மாள். மகவு கருவிலிருக்கும்போதே தந்தையார் இறைவன் திருவடி அடைந்தார். கணவரை இழந்த அம்மையார் ஆதரவு நாடிப் பெரியபாளையத்துக்குச் சென்றார். ஆரணியாற்றின் கரையில் பவானியம்மன் கோயில் கொண்டருளும் அவ்வூரில், 1754-ஆம் ஆண்டில் பச்சையப்பர் பிறந்தார். தந்தை முகம் காணாத பிள்ளை. கையில் பொருளில்லாத குடும்பம். பிற்காலத்தில் இலட்சக்கணக்கில் அறத்துக்கு ஈந்த ஒருவரின் வாழ்க்கை இவ்வண்ணம் வறுமையில் தொடங்கியது.

சில ஆண்டுகளில் அம்மையார் பிள்ளைகளுடன் சென்னைப்பட்டினம் வந்து சேர்ந்தார். அங்கே பௌனி நாராயண பிள்ளை என்னும் பெருந்தகையார் அக்குடும்பத்துக்கு நிழல் தந்தார். பௌனி என்னும் ஆங்கிலேயரிடம் துபாஷாக இருந்தமையால் அப்பெயர் அவருக்கு அடையாயிற்று. அவர் சிறுவனின் கூர்த்த மதியைக் கண்டு, கணக்கும் ஆங்கிலமும் கற்பித்து, வாணிகத்தின் நெளிவு சுளிவுகளையும் பழக்கினார். ஊர் பேர் அறியாப் பிள்ளை ஒன்றுக்கு ஒருவர் அன்று செய்த உதவி எத்துணைப் பயன் விளைத்தது என்பதைப் பின்னர் நாடே கண்டது.

துபாஷ் தொழில்

அக்காலத்துச் சென்னையில் துபாஷ் என்போர் வாணிகத்தின் அச்சாணி போன்றவர். இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் அவர் வேலை மொழிபெயர்ப்போடு நின்றதில்லை. ஆங்கிலேயர் ஒருவருக்காகச் சரக்கு வாங்குவதும் விற்பதும், கடன் கொடுப்பதும் பெறுவதும், கணக்கு வைப்பதும், அதிகாரிகளிடம் பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு. தலைவர் அறியாத மொழியில், தலைவர் செல்லாத ஊரில், தலைவர் பெயரால் அவர் செய்தது தலைவரே செய்ததாகக் கொள்ளப்பட்டது.

இக்காலத்தில் முக்தியார் பத்திரம் என்றும் பவர் பத்திரம் என்றும் மக்கள் வழங்கும் அதிகாரப் பத்திரத்தின் உட்பொருளும் இதுவே. ஒருவர் தம் அதிகாரத்தை மற்றொருவர் கையில் நம்பிக்கையோடு ஒப்படைக்கிறார். பெற்றவர் அதனைத் தமக்கென ஆளாமல், கொடுத்தவர் நலத்துக்கென ஆள வேண்டும். அந்நம்பிக்கையைப் பிறரிடம் பெற்று, அதைக் கொண்டே உயர்ந்தவர் பச்சையப்பர். இளமையிலேயே அத்தொழிலில் இறங்கி, படிப்படியாக உயர்ந்து, கம்பெனி உத்தியோகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த ஸல்லிவன் சகோதரர்களின் துபாஷாக விளங்கினார். வரி வசூல் தொடர்பான பொறுப்புகளும் கொடுக்கல் வாங்கலும் அவரைத் தஞ்சை நாட்டுக்கு அழைத்துச் சென்றன. தஞ்சையில் அமர்சிங் மன்னர் ஆண்ட காலம் அது. கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய பெருந்தொகைகளின் சுமை அவ்வரசை அழுத்திக்கொண்டிருந்தது. அரசுக்கும் கம்பெனிக்கும் இடையே நின்று பணம் புரட்டித் தந்த செல்வர்களில் பச்சையப்பரும் ஒருவர்.

அந்நாளைய துபாஷ்களில் பலர் மேல் மக்களுக்கு மனக்குறை இருந்ததுண்டு. அதிகாரமும் பணமும் ஒரே கையில் கூடிய இடத்தில் பழியும் சேர்ந்தே வரும். நாற்பது வயது நிரம்புமுன் பச்சையப்பர் சேர்த்த செல்வமும் அக்காலத்து வாணிகத்தின் வழியே வந்ததுதான். ஆனால் வந்த செல்வத்தை எங்கே போகவிட்டார் என்பதில்தான் அவர் மற்றவரினின்றும் வேறுபட்டார்.

சிவநெறியும் ஈகையும்

சென்னையில் அவர் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தார். அக்காலத்தில் கூவம் தெளிந்த நீரோடும் ஆறாக இருந்தது. அதில் நீராடித் திருநீறணிந்து, அப்பேட்டையிற் கோயில் கொண்டுள்ள ஈசனை வழிபட்ட பின்னரே அலுவலைத் தொடங்குவது அவர் வழக்கம். காலையில் ஆற்றங்கரையில் அடியார் கோலம். பகலில் கோட்டையிலும் கிடங்கிலும் கணக்கர் கோலம். இரண்டும் அவரிடம் மாறுபடாமல் இருந்தன.

முன்னோர் ஊராகிய காஞ்சியில் ஏகாம்பரநாதர் திருக்கோயிலிலும், தில்லையில் நடராசப் பெருமான் திருக்கோயிலிலும் அவர் ஈடுபாடு பெரிது. தில்லைக் கீழைக் கோபுரத் திருப்பணியோடு அவர் பெயரும் அவர் குடும்பத்தார் பெயரும் சேர்த்து வழங்கப்பெறுகின்றன. வாழும் காலத்திலேயே கோயில்களுக்கும் அந்தணர்க்கும் ஏழைகளுக்கும் வரையாது வழங்கினார். எனினும், கையால் கொடுப்பது கையுள்ள வரையில்தான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒன்பது நாட்கள்

1794-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பச்சையப்பர் காவிரி நாட்டில் இருந்தார். உடல் நலம் குன்றியிருந்தது. மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் கும்பகோணத்தில் தங்கியிருந்தபோது அவர் தம் உயிலை எழுதி முடித்தார். அதே மாதம் 31-ஆம் நாள் திருவையாற்றில், ஐயாறப்பர் திருவடி நிழலில் அவர் உயிர் அடங்கியது. அப்போது அவருக்கு வயது நாற்பது. உயிலுக்கும் மறைவுக்கும் இடையே நின்றவை ஒன்பதே நாட்கள். அவர் அன்று எழுதாமல் நாளை என்று ஒத்திவைத்திருப்பின், இன்று அவர் பெயரால் நிற்கும் அறங்களில் ஒன்றேனும் நின்றிராது.

அந்த உயில் வியக்கத்தக்கது. சைவ வைணவ பேதமின்றிச் சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் உரிய திருப்பணிகளுக்குத் தம் செல்வத்தை அவர் அர்ப்பணித்தார். காசி முதல் கன்னியாகுமரி வரையிலுள்ள புண்ணியத் தலங்களில் பூசனைகளும் திருவிழாக்களும் நடக்கவும், தெய்வத் திருக்கட்டடங்கள் எழவும், ஏழைகளுக்கு உதவி கிடைக்கவும், வடமொழி பயிலும் பாடசாலைகள் நடைபெறவும், வேறு பொது நன்மைகள் விளையவும் அதில் ஏற்பாடு செய்தார். பொதுவறத்துக்கென இவ்வண்ணம் எழுதப்பெற்ற இந்து ஒருவரின் உயில்களில் சென்னை இராஜதானியில் அறியப்பட்ட முதல் உயில் இதுவே என்பர்.

அதன் அருமையை உணர அக்காலத்து நிலையையும் அறிதல் வேண்டும். நம் பழைய தர்ம சாஸ்திரங்களில் உயில் என்னும் முறை விரித்துரைக்கப்படவில்லை. தந்தையின் பொருள் மைந்தருக்கு என்பதே வழக்கு. கோயிலுக்குக் கொடுக்க விரும்பியோர் உயிரோடிருக்கும்போதே தானசாசனம் செய்து கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்தனர். இறந்த பின் நடைமுறைக்கு வரும் பத்திரம் ஒன்றை எழுதி வைக்கும் வழக்கம் சென்னை போன்ற பட்டினங்களில் ஆங்கிலேயர் தொடர்பால் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. சென்னை நகர் உள்ளிட்ட சில இடங்களில் இந்துக்களின் உயில்கள் எவ்வாறு எழுதப்பெற வேண்டும் என்று விதித்த இந்து உயில் சட்டம் வந்தது 1870-ஆம் ஆண்டில்தான். அதற்கு எழுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, காவிரிக் கரையில் நோயுற்றிருந்த ஒருவர் புதிய கருவியை எடுத்துப் பழைய அறத்துக்குப் பயன்படுத்தினார்.

நின்றுபோன அறம்

உயிலை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்மை ஆளாக்கிய நாராயண பிள்ளையிடமே பச்சையப்பர் ஒப்படைத்தார். நன்றியும் நம்பிக்கையும் கலந்த செயல் அது. ஆயினும் தனி மனிதர் ஒருவரின் ஆயுளை நம்பி நூற்றாண்டுகள் நடக்க வேண்டிய அறத்தை அமைத்தது அவ்வேற்பாட்டின் குறையாயிற்று. அவருக்குப் பின் யார், கணக்கை யாரிடம் காட்டுவது, அறம் தவறினால் கேட்பவர் யார் என்பனவற்றுக்கு உறுதியான விடை இல்லாமற் போயிற்று.

விளைவு வருந்தத்தக்கது. வள்ளல் மறைந்ததும் பொருளின்மேல் உரிமை பேசியோர் பலர். கடன் வாங்கியோரிடமிருந்து திரட்ட வேண்டிய தொகைகள் ஒருபுறம். உறவினரிடையே எழுந்த வழக்குகள் மற்றொருபுறம். அவர் விதித்த பூசனைகளும் அன்னதானங்களும் விதித்தபடி நடைபெறவில்லை. பொருள் இருந்தது, எழுத்து இருந்தது; அறம் மட்டும் நடக்கவில்லை. விளக்குக்கு நெய் இருந்தும் ஏற்றுவார் இல்லாத நிலை அது.

அவ்வுயில் நீதிமன்றங்களின் தலைமுறைகளையே கடந்து வாழ்ந்தது. எழுதப்பெற்றபோது சென்னையில் இருந்தது மேயர் கோர்ட்டு. 1798-இல் அது மாறி ரிக்கார்டர் கோர்ட்டு வந்தது. 1801-இல் அதுவும் மாறிச் சுப்ரீம் கோர்ட்டு அமைந்தது. வள்ளலை நேரிற் கண்டவர்கள் ஒவ்வொருவராக மறைந்தனர். நாற்பது ஆண்டுகள் ஓடிவிடும் நிலையில், அப்பொருள் தனியார் பொருளன்று, பொதுவறத்துக்கு உரியது என்னும் கருத்து வலுப்பெற்றது. அறப்பொருளைக் காப்பது அரசின் கடமை என்ற முறையில், அட்வகேட் ஜெனரல் பதவி வகித்த ஹெர்பர்ட் காம்டன் இதனை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொணர்ந்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டனும் விடாது முயன்றார். 1832-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அறத்துக்குச் சார்பாக வழிகாட்டியது.

இதற்குள் வட்டி சேர்ந்து பொருள் பெருகி, ஏறத்தாழ எட்டு இலட்சம் ரூபாய் அளவை எட்டியிருந்தது. அதில் ஓர் இலட்சம் வராகன், அதாவது மூன்றரை இலட்சம் ரூபாய், தெய்வத் திருப்பணிகளுக்கும் தலங்களின் கட்டளைகளுக்கும் என ஒதுக்கப்பட்டது. அதன் வட்டியிலிருந்து கட்டளைகள் நடைபெறலாயின. சில திருக்கோயில்களில் இவ்வறக்கட்டளையின் விவரத்தை, எல்லோரும் அறிந்து கேட்கும் பொருட்டு, கல்லிற் பொறித்து வைத்தனர். அது பெருமைக்காகச் செய்ததன்று. முன்பு கேட்பாரின்றி அறம் நின்றுபோன குறையை இனி நேராமற் காக்கும் காவலாகவே அக்கல்லெழுத்துகள் நின்றன.

மிகுந்த தொகையைக் கல்விக்குச் செலவிடுவது என முடிவாயிற்று. இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. வள்ளல் உயிலில் நினைந்தது வடமொழிப் பாடசாலைகளை. நீதிமன்றத்தின் வழியே எழுந்ததோ ஆங்கிலமும் தாய்மொழிகளும் கற்பிக்கும் பள்ளி. இது அவர் எண்ணத்துக்கு இயைந்ததா, அன்றி அதனினும் விலகியதா? அறத்தின் குறிப்பிட்ட வடிவம் காலத்தால் போதாததாகும்போது, கொடுத்தவரின் உள்ளக்கருத்துக்கு அணுகியதொரு வடிவில் அதை நிறைவேற்றுவது நீதிமன்றங்கள் மேற்கொள்ளும் மரபு. ஏழைப் பிள்ளையாகச் சென்னைக்கு வந்து, கல்வியொன்றையே முதலாகக் கொண்டு உயர்ந்தவர் பச்சையப்பர். அத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வி கிடைப்பது அவர் உள்ளத்துக்குப் புறம்பானதென்று கூறுதல் அரிது. எனினும், தம் பொருள் இன்ன வழியிற் செல்ல வேண்டும், மிகுந்தால் இன்னதற்கு ஆக வேண்டும் என்று அவரே தெளிவாக வரைந்திருந்தால், அவர் கருத்தைப் பிறர் ஊகிக்க நேர்ந்திராது என்பதும் உண்மையே.

கல்விக் கோயில்

இந்துப் பெருமக்கள் தர்மகர்த்தர்களாக அமைந்த குழு ஒன்று பொறுப்பேற்றது. ஒருவர் மறைந்தால் மற்றொருவர் அவ்விடத்துக்கு வருவர். கணக்கு ஆண்டுதோறும் பார்க்கப்படும். 1794-இல் விடுபட்ட கண்ணி இவ்வாறு சேர்ந்தது. 1842-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், சென்னைக் கறுப்பர் பட்டினத்தில் பாப்பம்ஸ் பிராட்வே வீதியில் பச்சையப்பர் பெயரால் பள்ளி தொடங்கியது. அவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசாங்கப் பொருளாலோ பாதிரிமார் பொருளாலோ அன்றி, இந்நாட்டார் ஒருவரின் பொருளாலேயே நடந்த பள்ளி என்பது அதன் சிறப்பு.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஜார்ஜ் நார்ட்டன் புதிய மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1850-இல் ஆளுநர் ஸர் ஹென்றி பாட்டிஞ்சர் அதனைத் திறந்து வைத்தார். ஆதென்ஸ் நகரத்துப் பழைய கோயில் ஒன்றின் அமைப்பைத் தழுவி உயர்ந்த தூண்களோடு எழுந்த அம்மண்டபமே பச்சையப்பன் மண்டபம் எனப் பெயர் பெற்றது. பள்ளி 1889-இல் கல்லூரியாக உயர்ந்தது. 1940-இல் சேத்துப்பட்டில் உள்ள விரிந்த வளாகத்துக்குக் கல்லூரி பெயர்ந்தது. 1947 வரை இந்து மாணவருக்கே இடமளித்த அக்கல்லூரி பின்னர் அனைவருக்கும் வாயில் திறந்தது. கணித மேதை இராமானுஜன் அங்கே பயின்றார். பிற்காலத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சராக விளங்கிய அண்ணாதுரையும் அங்கே பயின்றார். காஞ்சியிலும் தில்லையிலும் அவர் பெயரால் பள்ளிகள் எழுந்தன. முன்னோர் ஊராகிய காஞ்சியில் அவர் பெயரிலேயே கல்லூரியும் அமைந்தது.

கொடுப்போர்க்கு ஒரு பாடம்

பச்சையப்பரின் வரலாறு அறம் செய்வோர்க்கு இரு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, காலம் தாழ்த்தலாகாது என்பது. அதிகாரப் பத்திரம் ஒருவர் உயிரோடிருக்கும் வரையில் மட்டுமே பேசும். கொடுத்தவர் மூச்சு நின்ற கணமே அதன் குரலும் நின்றுவிடும். எத்துணை நம்பிக்கைக்குரிய காரியஸ்தரிடம் முக்தியார் எழுதிக் கொடுத்திருந்தாலும், மறைவுக்குப் பின் அவர் ஒரு துரும்பையும் அசைக்க இயலாது. அந்த இடத்திலிருந்து பேசத் தொடங்குவது உயில். ஒன்று வாழ்நாளுக்கு, மற்றொன்று வாழ்நாளுக்கு அப்பால். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டா என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்தால் நின்றுபோன கட்டளைகளும் பல. வாழ்நாளெல்லாம் பிறர் பொருட்டு அதிகாரம் ஏற்று நடத்திய பச்சையப்பர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார். ஆகவேதான் இறுதி ஒன்பது நாட்களுக்கு முன் உயில் எழுதினார்.

இரண்டாவது, எழுதுவதோடு அமையலாகாது என்பது. எந்தக் கோயிலுக்கு, எந்தத் திருநாளுக்கு, எவ்வளவு பொருள் என்று தெளிவாகக் குறித்தல் வேண்டும். நிறைவேற்றுவோர் ஒருவரல்லாது, அவருக்குப் பின் வருவோரையும் பெயரிட வேண்டும். அறிவுடைய இருவர் முன்னிலையில் கையொப்பமிட்டு, அவர்களும் சாட்சியிட வேண்டும். குடும்பத்தார்க்கு உரியதை முதலில் ஒதுக்கி, அவர்கள் மனமும் அறியச் செய்தல் வேண்டும். அறத்தால் வீட்டில் பகை விளையலாகாதன்றோ. மிகுந்தால் எதற்கு, நின்றால் எதற்கு என்பதையும் சொல்லி வைத்தல் நன்று. இத்துணையும் செய்தால்தான், கொடுத்தவர் மனத்தில் ஏற்றிய விளக்கு கோயிலிலும் எரியும்.

பச்சையப்பரின் உயிலில் இவற்றுட் சில குறைந்தமையால் அவர் அறம் அரை நூற்றாண்டு காத்துக்கிடந்தது. ஆயினும் அது அழியவில்லை. திருவருளும், அறத்தை மறவாத சில நல்லோர் முயற்சியும் அதனை மீட்டெடுத்தன. எல்லோர் கொடைக்கும் அத்தகைய மீட்சி கிட்டும் என்று கூறுதற்கில்லை. ஆதலின், நல்லெண்ணம் தோன்றிய பொழுதே நன்முறையில் அமைத்து வைப்பது அறிவுடையார் கடன்.

கூவத்தில் நீராடி ஈசனைத் தொழுது அலுவலுக்குச் சென்ற ஓர் அடியார், காவிரிக் கரையில் தம் கடைசி நாட்களில் எழுதி வைத்த சில ஏடுகள், காசி முதல் குமரி வரை விளக்கேற்றின. எண்ணற்ற இளைஞர்க்கு அறிவொளி ஏற்றின. ஐயாறப்பர் திருவடியில் கலந்த அப்பெருமகனாரின் புகழ் என்றும் நிலவுக. அவர் காட்டிய வழியில், திருக்கோயிலுக்குக் கொடுப்போர் கொடையெல்லாம் தலைமுறை தோறும் தழைத்து நிற்க இறைவன் திருவருள் முன்னிற்பதாக.